குடிநீர்த் திட்டத்துக்கான மக்கள்தொகைக் கணிப்பு: சூத்திரத்துக்கு முன் எல்லையைப் பாருங்கள்

உங்கள் நகராட்சிக்குத் தயாராகியிருக்கும் குடிநீர்த் திட்ட அறிக்கையில், முப்பது ஆண்டுகளுக்குப் பிந்தைய மக்கள்தொகையை மூன்று முறைகளில் கணக்கிட்டு, மூன்றின் சராசரியை வைத்துக் குழாய்களின் அளவையும் தொட்டிகளின் கொள்ளளவையும் முடிவு செய்திருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றில் எது சரியான முறை, சராசரி எடுப்பது ஏற்கத்தக்கதுதானா என்பது உங்கள் கேள்வி.

மூன்று முறைகளுக்கும் இடையிலான வேறுபாடு பெரும்பாலான ஊர்களில் இரண்டாவது கவலைதான். சூத்திரத்தில் இடப்படும் பழைய எண்கள் அனைத்தும் ஒரே நிலப்பரப்பைச் சேர்ந்தவையா, ஊரின் வளர்ச்சி எங்கிருந்து வருகிறது, கணிப்பு பொய்த்தால் எந்தக் கட்டுமானத்தைப் பின்னால் திருத்திக்கொள்ளலாம், எதைத் திருத்தவே முடியாது என்பவைதான் முதலில் கேட்கப்பட வேண்டியவை. பல அறிக்கைகள் இவற்றைத் தொடாமல் நேராகச் சூத்திரத்துக்குப் போய்விடுகின்றன.

முதலில் முறைகளைப் பார்த்துவிடுவோம். சம அதிகரிப்பு முறையில், கடந்த சில பத்தாண்டுகளில் கூடிய மக்களின் சராசரி எண்ணிக்கையே இனி ஒவ்வொரு பத்தாண்டிலும் கூடும் என்று கொள்கிறோம். பெருக்கல் முறையில் எண்ணிக்கைக்குப் பதிலாக வளர்ச்சி விகிதம் நிலையாக இருக்கும் என்று கொள்கிறோம். கூட்டு வட்டி ஏறுவதைப் போலத்தான் இதில் மக்கள்தொகை ஏறும். அதிகரிப்பின் அதிகரிப்பைச் சேர்க்கும் மூன்றாவது முறை, பத்தாண்டுக்குப் பத்தாண்டு கூடும் எண்ணிக்கையே எவ்வளவு மாறுகிறது என்பதையும் கணக்கில் கொண்டு, பெரும்பாலும் மற்ற இரண்டுக்கும் நடுவே வந்து நிற்கும். முதல் முறை வளர்ந்து முதிர்ந்த பழைய நகரத்துக்கும், இரண்டாவது இடம் தாராளமாக உள்ள இளம் நகரத்துக்கும் பொருந்தும் என்று பாடப்புத்தகங்கள் சொல்வது பொதுவாகச் சரியே. ஆகவே, எந்த அனுமானம் தன் ஊருக்குப் பொருந்துகிறது என்று ஆராய்ந்து காரணத்தோடு ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் பொறியாளரின் வேலை. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுப்பது அந்த வேலையைத் தவிர்ப்பதற்கான வழியாகவே எனக்குப் படுகிறது.

இப்போது கோயம்புத்தூர் மாநகரத்தின் கணக்கெடுப்பு எண்களை வைத்து ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1971-ல் 3,56,368; 1981-ல் 7,04,514; 1991-ல் 8,16,321; 2001-ல் 9,30,882; 2011-ல் 10,50,721. இந்த ஐந்து எண்களையும் அப்படியே எடுத்துக்கொண்டு 2041-ஆம் ஆண்டுக்குக் கணித்தால், சம அதிகரிப்பு முறையில் சுமார் 15.71 லட்சமும், பெருக்கல் முறையில் சுமார் 23.64 லட்சமும் கிடைக்கின்றன. ஆனால் 1971-க்கும் 1981-க்கும் இடையே மக்கள்தொகை இருமடங்கானதற்கு அங்கே பிள்ளைகள் அதிகம் பிறந்தது காரணமல்ல. நகராட்சி மாநகராட்சியாக உயர்த்தப்பட்டபோது சிங்காநல்லூர் முதலிய சுற்றுப்பகுதிகள் அதனுடன் இணைக்கப்பட்டன. ஏற்கெனவே அங்கே வாழ்ந்துகொண்டிருந்தவர்கள் கணக்கில் மட்டும் புதிதாக வந்து சேர்ந்தார்கள். அந்த ஒரு பத்தாண்டை நீக்கிவிட்டு 1981 முதல் 2011 வரையிலான எண்களை மட்டும் வைத்துக் கணக்கிட்டால், சம அதிகரிப்பு முறையில் 13.97 லட்சமும், மூன்றாவது முறையில் 14.21 லட்சமும், பெருக்கல் முறையில் 15.67 லட்சமும் வருகின்றன.

இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லை மாறாத முப்பது ஆண்டுகளை எடுத்துக்கொண்டால், மூன்று முறைகளுக்கும் இடையே உள்ள மிகப் பெரிய வேறுபாடு 1.7 லட்சம். எல்லை மாறிய ஒரே ஒரு பத்தாண்டை உள்ளே விட்டால், பெருக்கல் முறையின் விடை மட்டுமே ஏறத்தாழ 8 லட்சம் உயர்ந்துவிடுகிறது. பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கு மத்திய அரசின் குடிநீர் வழங்கல் கையேடு பரிந்துரைக்கும் தலைக்கு 135 லிட்டர் என்ற அளவில், இந்த 8 லட்சம் பேருக்கு நாளொன்றுக்குச் சுமார் 10.8 கோடி லிட்டர் தண்ணீர் தேவை. சென்னைக்காக 2013-ல் நெம்மேலியில் தொடங்கப்பட்ட கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையின் திறனே நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர்தான். அத்தகைய ஓர் ஆலை அளவுக்கான பிழை, மக்கள்தொகை அட்டவணையில் 1981-க்கான வரிக்குக் கீழே, எல்லை மாறியது என்ற ஓர் அடிக்குறிப்பு இல்லாததால் உண்டாகிவிடுகிறது.

கணக்கு அதோடு முடிவதும் இல்லை. 1981-க்குப் பிந்தைய மூன்று பத்தாண்டுகளில் கோவையின் வளர்ச்சி விகிதம் 15.9, 14.0, 12.9 சதவீதம் என்று சீராக இறங்கிக்கொண்டே வந்ததால், பழைய எல்லைக்குள் பெருக்கல் முறை பொருந்தாது, சம அதிகரிப்பு முறையே நியாயமானது என்ற முடிவுக்கு வரலாம். ஆனால் உள்ளே விகிதம் இறங்கிய அதே காலத்தில் எல்லைக்கு வெளியே இருந்த குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் போன்ற பகுதிகள் நிறைந்துகொண்டிருந்தன. 2011-ல் அவை இணைக்கப்பட்டபோது மாநகராட்சியின் பரப்பு சுமார் 105 சதுர கிலோமீட்டரிலிருந்து 257 சதுர கிலோமீட்டராகவும், அதற்குள் வாழ்வோர் எண்ணிக்கை சுமார் 16 லட்சமாகவும் ஆயின. அதாவது பழைய எல்லைக்கு எவ்வளவு கவனமாகக் கணித்திருந்தாலும், நகராட்சி நிர்வாகம் உண்மையில் தண்ணீர் கொடுக்க வேண்டியிருந்த மக்கள் வேறொரு எண்ணிக்கையில் இருந்தார்கள். உங்கள் அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: ஒவ்வொரு கணக்கெடுப்பு ஆண்டிலும் நகராட்சியின் பரப்பு எவ்வளவு, இப்போது எல்லைக்கு வெளியே ஒட்டி வளர்ந்துவரும் ஊராட்சிகள் எவை, அவற்றின் பழைய எண்களையும் சேர்த்து ஒரே நிலப்பரப்புக்கு மறுகணக்கு செய்திருக்கிறார்களா? கிராமவாரிக் கணக்கெடுப்பு விவரங்கள் வெளியிடப்படுவதால் இந்த மறுகணக்கு சில நாள் வேலைதான்.

எல்லை மட்டுமின்றி வகைப்பாடும் இப்படி ஏமாற்றும். 5,000 பேருக்குக் குறையாத மக்கள், சதுர கிலோமீட்டருக்கு 400 பேருக்குக் குறையாத அடர்த்தி, ஆண் முதன்மைத் தொழிலாளர்களில் (ஆண்டில் ஆறு மாதமாவது வேலை செய்வோர்) குறைந்தது 75 சதவீதத்தினர் விவசாயம் அல்லாத வேலையில் இருத்தல் ஆகிய மூன்றும் பொருந்தினால், நிர்வாகத்தில் ஊராட்சியாகவே இருந்தாலும் கணக்கெடுப்பு அந்த ஊரை நகரம் என்று எண்ணும். இப்படிப்பட்ட கணக்கெடுப்பு நகரங்கள் நாடு முழுவதும் 2001-ல் 1,362 இருந்தன. 2011-ல் 3,894 ஆகிவிட்டன. கேரளத்தின் நகர்ப்புற மக்கள் விகிதம் ஒரே பத்தாண்டில் 26 சதவீதத்திலிருந்து 47.7 சதவீதத்துக்குத் தாவியதற்கு இதுவே பெருங்காரணம். மாவட்ட நகர்ப்புற வளர்ச்சி விகிதத்தை எடுத்து ஓர் ஊருக்குப் பொருத்தும் அறிக்கைகளில் இந்தத் தாவல் சத்தமில்லாமல் நுழைந்துவிடும்.

அடுத்தது, வளர்ச்சி எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி. தமிழ்நாட்டில் ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை, ஒரு தலைமுறை தன்னைத்தானே ஈடுசெய்யத் தேவையான 2.1-க்குக் கீழே இறங்கி நெடுங்காலம் ஆகிறது. பிறப்பு, இறப்பு விகிதங்களை மாதிரி ஆய்வால் கணக்கிடும் மாதிரிப் பதிவு அமைப்பின் 2020 கணக்குப்படி அது 1.4 மட்டுமே. எனவே இங்கே ஒரு நகரம் இனி வேகமாக வளர்ந்தால் அது பெரும்பாலும் இடப்பெயர்வால்தான் இருக்கும். பிறப்பையும் இறப்பையும் ஓரளவு நம்பிக்கையோடு கணிக்கலாம், ஆனால் இடப்பெயர்வை அப்படிக் கணிக்க முடியாது. மாநில அளவிலேயே கணிப்பு இப்படித் தவறியிருக்கிறது. மக்கள்தொகைக்கான தேசிய ஆணையம் அமைத்த தொழில்நுட்பக் குழு 2006-ல் வெளியிட்ட கணிப்பில், தமிழ்நாட்டின் 2011 மக்கள்தொகை சுமார் 6 கோடியே 74 லட்சமாக இருக்கும் என்றது. கணக்கெடுப்பில் வந்ததோ 7 கோடியே 21 லட்சம். வயது, பாலினம், பிறப்பு, இறப்பு ஆகியவற்றைத் தனித்தனியே கணித்துச் சேர்க்கும் மிகச் சிறந்த முறையில், ஒரு முழு மாநிலத்துக்கு, ஐந்தே ஆண்டுகளுக்கு முன் செய்த கணிப்பு இது. பிறப்பு விகிதம் குறைந்துகொண்டிருந்தபோதே மாநிலத்தின் பத்தாண்டு வளர்ச்சி 11.7 சதவீதத்திலிருந்து 15.6 ஆக ஏறியது. மாநிலத்துக்கே இவ்வளவு பிழை வரும்போது, ஒரு லட்சம் பேர் வாழும் ஊருக்கு முப்பது ஆண்டுக் கணிப்பைக் கடைசி இலக்கம் வரை எழுதிவைப்பதில் பொருளில்லை.

மாவட்ட எண்கள் வேறொன்றையும் காட்டுகின்றன. 2001-க்கும் 2011-க்கும் இடையே சென்னை மாவட்டம் 7 சதவீதம் வளர்ந்தது. அதை ஒட்டிய காஞ்சிபுரம் மாவட்டம் 39 சதவீதமும் திருவள்ளூர் மாவட்டம் 35 சதவீதமும் வளர்ந்தன. பெருநகரம் முழுவதற்கும் ஒரே விகிதம் கொண்டு திட்டமிட்டிருந்தால், நடுநகரில் தேவைக்கு மேல் குழாயும் புறநகரில் லாரித் தண்ணீரும்தான் மிஞ்சியிருக்கும். உங்கள் நகராட்சியிலும் இதே நிலை சிறிய அளவில் இருக்கக்கூடும். கடைவீதியை ஒட்டிய வார்டுகளில் வீடுகள் கடைகளாகவும் கிடங்குகளாகவும் மாற, புறவழிச்சாலை ஓரத்தில் மனைப்பிரிவுகள் நிறையும். ஊருக்கான மொத்த எண் சரியாகவே இருந்தாலும் வார்டுவாரிப் பங்கீடு தவறினால் ஒரு மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிய, மற்றொன்று விடிவதற்குள் காலியாகிவிடும்.

பொருளாதாரம் திசைமாறினால் தேவை எப்படி மாறும் என்பதற்குத் திருப்பூரைக் காட்டலாம். திருப்பூர் நகரத் தொகுப்பின் (நகரமும் அதை ஒட்டி வளர்ந்த பகுதிகளும்) மக்கள்தொகை 1991-ல் சுமார் 3 லட்சம், 2001-ல் 5.5 லட்சம், 2011-ல் 9.6 லட்சம், எந்த வாய்பாடும் இந்த வேகத்தை முன்னதாகச் சொல்லியிருக்காது. அங்கே பவானி ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம், பெரும்பங்கு நீரைச் சாயத்தொழில் வாங்கும் என்ற எதிர்பார்ப்பில், தனியார் பங்களிப்போடு நிறைவேற்றப்பட்டது. நொய்யல் ஆற்று மாசுபாட்டு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டபோது, மக்கள் பெருகிக்கொண்டிருந்த அதே ஊரில் தொழில்துறையின் தண்ணீர்த் தேவை சட்டென்று விழுந்தது. தலைகளின் எண்ணிக்கையை மட்டும் கணித்தால் போதாது. தொழில், வணிகம், விடுதிகள், வந்துபோவோர் என்று ஒவ்வொன்றையும் பிரித்து, ஒவ்வொன்றும் எதைச் சார்ந்து ஏறி இறங்குகிறது என்று எழுத வேண்டும். பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் கிரிவலம் வரும் திருவண்ணாமலைக்கு, அங்கே நிலையாக வாழ்வோரின் எண்ணிக்கையை வைத்துக் கழிப்பறையும் குடிநீரும் திட்டமிட முடியாது.

எந்த வசதிக்குத் திட்டமிடுகிறோமோ அதற்குரிய எண்ணிக்கையைத்தான் கணிக்க வேண்டும். தமிழ்நாட்டின் மக்கள்தொகை 2001–2011 பத்தாண்டில் 15.6 சதவீதம் கூடியபோது, குடும்பங்களின் எண்ணிக்கை சுமார் 1 கோடியே 42 லட்சத்திலிருந்து 1 கோடியே 85 லட்சமாக, அதாவது 30 சதவீதம் கூடியது. கூட்டுக்குடும்பங்கள் பிரிந்து, ஒரு வீட்டில் வாழ்வோர் குறைந்துவருவதே இதற்குக் காரணம். வீட்டுக்குழாய் இணைப்பு, மின் இணைப்பு, குப்பை சேகரிக்கும் வண்டிகள் ஆகியவற்றைத் தீர்மானிப்பது குடும்ப எண்ணிக்கை. பள்ளிக்கூடத்துக்கு மொத்த மக்கள்தொகையால் பயனே இல்லை. இந்த ஆண்டு பதிவாகும் பிறப்புகளே ஐந்து, ஆறு ஆண்டுகளில் முதல் வகுப்புக்கு வருவதால், நகராட்சியின் பிறப்புப் பதிவேட்டை வைத்து இன்னும் பத்தாண்டுகளுக்கான தொடக்கப்பள்ளித் தேவையின் பெரும்பகுதியை இப்போதே சொல்லிவிடலாம். மக்கள்தொகை கூடும் ஊரிலேயே வகுப்பறைகள் காலியாவதும் மருத்துவமனையில் முதியோர் வரிசை நீள்வதும் ஒரே சமயத்தில் நடக்கும். மொத்த எண்ணை மட்டும் கொண்ட அறிக்கையில் இவை இரண்டும் தெரியாது.

இனி, கணிப்பு தவறும் என்று தெரிந்த பிறகு எப்படித் திட்டமிடுவது என்பதுதான் முக்கியம். குடிநீர்க் கையேடே இதற்கு வழி சொல்லியிருக்கிறது, ஆனால் அறிக்கைகளில் அது சடங்காகிவிட்டது. அணைக்கு 50 ஆண்டுத் தேவையையும், நீரைக் கொண்டுவரும் பிரதான குழாய், பகிர்மானக் குழாய்கள், நீரேற்று நிலையக் கட்டடம் ஆகியவற்றுக்கு 30 ஆண்டுத் தேவையையும், மோட்டார் பம்புகள், சுத்திகரிப்பு அலகுகள், சேமிப்புத் தொட்டிகள் ஆகியவற்றுக்கு 15 ஆண்டுத் தேவையையும் கொள்ளும்படி அது சொல்கிறது. காரணம் எளிது. பிரதான குழாயின் விட்டத்தைப் பத்து சதவீதம் கூட்டினால், அதே அழுத்த இழப்பில் (உராய்வால் குறையும் அழுத்தம்) அதில் ஓடக்கூடிய நீர் ஏறத்தாழ 28 சதவீதம் கூடும். பள்ளம் தோண்டும் செலவோ, சாலையைச் செப்பனிடும் செலவோ பெரிதாக மாறுவதில்லை. குழாய் பதித்த பின் மறுபடி சாலையை உடைப்பது மிகப் பெரிய செலவு. ஆகவே பிரதான குழாயில் தாராளமாக இருப்பது நியாயம். பம்பு அப்படியல்ல, எப்படியும் தேய்ந்து மாற்றப்படுவது, மாற்றும்போது பெரிதாக வாங்கிக்கொள்ளலாம். முப்பது ஆண்டுக்குப் பிந்தைய அளவுக்கான பம்பை இன்றே பொருத்தினால், அது மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் தன் திறன்மிகு புள்ளியிலிருந்து விலகியே ஓடி, மாதந்தோறும் மின் கட்டணத்தில் நகராட்சியின் பணத்தைத் தின்னும். சுத்திகரிப்பு நிலையத்தையும் பகுதி பகுதியாகக் கட்டலாம், ஆனால் இறுதி அளவுக்கான நிலத்தை இன்றே வாங்கிவிட வேண்டும்; பத்தாண்டு கழித்துப் பக்கத்து நிலம் மனையாகியிருக்கும்.

எல்லாவற்றையும் பெரிதாகக் கட்டிவிட்டால் பாதுகாப்பு என்ற எண்ணம் பாதாளச் சாக்கடையில் பெரும் கேடாகும். கழிவுநீர்க் குழாயில் படியும் மண்ணையும் கசடையும் அடித்துச் செல்ல, தொடக்க ஆண்டுகளின் உச்ச ஓட்டத்திலாவது நொடிக்கு 0.6 மீட்டர் வேகம் வேண்டும். மிகைக் கணிப்பில் பெரிய குழாய் பதித்து, இணைப்புகளும் மெதுவாக வந்தால், கழிவு தேங்கி அழுகி வாயு உண்டாகி, அது குழாயை அரிக்கும். மேன்ஹோல் அடைப்பை எடுக்க ஒருவர் உள்ளே இறக்கப்படும் கொடுமைக்கும் இந்தத் தேக்கம் ஒரு காரணம். குடிநீர்த் தொட்டி தேவைக்கு மேல் பெரிதாக இருந்தாலும் தண்ணீர் நெடுநேரம் நின்று, கடைசி வீட்டுக்குப் போகும்போது குளோரின் எஞ்சியிருக்காது. எனவே குறைவாகக் கணித்தால் பற்றாக்குறை, அதிகமாகக் கணித்தால் வீண்செலவு என்று மட்டும் பார்க்காமல், ஒவ்வொரு பொருளும் எந்தப் பக்கப் பிழையைத் தாங்கும் என்று தனித்தனியே பார்க்க வேண்டும்.

உங்கள் அறிக்கையின் தொடக்கப்புள்ளியே 2011 என்பது கூடுதல் சிக்கல். 2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. 2027 மார்ச் 1-ஐக் கணக்கு நாளாகக் கொண்டு அடுத்த கணக்கெடுப்பு அறிவிக்கப்பட்டிருக்கிறது. இடைப்பட்ட ஆண்டுகளுக்குச் சொத்து வரி விதிப்புகள், வீட்டு மின் இணைப்புகள், குடும்ப அட்டைகள், வாக்காளர் பட்டியல், செயற்கைக்கோள் படத்தில் தெரியும் கட்டடப் பரப்பு ஆகியவற்றைத் துணைக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் தனிக் குறை உண்டு. வாக்காளர் பட்டியலில் 18 வயதுக்குக் கீழ் உள்ளோர் இல்லை, ஊரை விட்டுப் போனவர்களின் பெயர் உடனே நீங்குவதும் இல்லை. குடும்ப அட்டையில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தங்கியிருப்போர் பெரும்பாலும் இல்லை. மின் இணைப்பு இருக்கும் வீடு பூட்டிக்கிடக்கலாம், அல்லது ஒரே இணைப்பில் பன்னிரண்டு தொழிலாளர்கள் தங்கியிருக்கலாம். ஆனால் இவற்றில் மூன்று ஒரே திசையைக் காட்டினால், 2011 எண்ணைச் சூத்திரத்தால் நீட்டிப் பெறும் எண்ணைவிட அதை நான் அதிகம் நம்புவேன்.

எனவே நகராட்சிக் கூட்டத்தில் எந்த முறை சரி என்று விவாதிப்பதைவிட, அறிக்கையில் மூன்று மாற்றங்களைக் கேளுங்கள். எண்கள் அனைத்தும் ஒட்டியுள்ள ஊராட்சிகளையும் சேர்த்த ஒரே நிலப்பரப்புக்கு மறுகணக்கு செய்யப்பட வேண்டும். ஒற்றை எண்ணுக்குப் பதிலாகக் குறைந்தது, நடு, அதிகம் என மூன்று கணிப்புகள், ஒவ்வொன்றுக்கும் பின்னுள்ள இடப்பெயர்வு அனுமானத்தோடு, வார்டுவாரியாக வேண்டும். குழாயும் நிலமும் அதிகக் கணிப்புக்கும், பம்பும் முதற்கட்டச் சுத்திகரிப்பு அலகும் தொட்டியும் நடுக் கணிப்புக்கும் என்று பிரித்து வடிவமைக்கச் சொல்லுங்கள். இவற்றோடு, 2027 கணக்கெடுப்பின் ஊர்வாரி எண்கள் வந்ததும் இரண்டாம் கட்ட அலகுகளின் அளவையும் ஆண்டையும் மறுபடி கணக்கிடுவது என்ற விதியை ஒப்பந்தத்திலேயே சேர்க்க வேண்டும். இதனால் இரண்டாம் கட்டத்துக்கான பணத்தை எண் தெரிந்த பிறகு செலவிட முடியும். முதற்கட்ட வேலை அதற்காக ஒரு நாளும் காத்திருக்க வேண்டியதில்லை.